மூத்த பிள்ளையின் கையெழுத்து

பேனா எழுதவில்லை. டோருன் அதை உதறிவிட்டு மறுபடி அழுத்தினாள். விடுதலைப் பத்திரத்தின் அடியில் ஒரு வெற்றுக் கீறல்தான் விழுந்தது.

"வேற பேனா எடுத்துட்டு வாடா," என்றார் அவளுடைய அப்பா அஸ்பியோர்ன், மகனைப் பார்த்து.

எதிரே உட்கார்ந்திருந்த ஹல்வார் எழுந்தான். போகிற போக்கில் அக்காவை ஒரு பார்வை பார்த்தான்.

நூர்லி பண்ணையில் முப்பது கறவை மாடுகள், மலைமேல் மேய்ச்சல் நிலம். மூத்த பிள்ளைக்குத்தான் பண்ணை என்கிறது அந்த நாட்டுச் சட்டம். ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. டோருன்தான் மூத்தவள். அவள் கையெழுத்துப் போட்டு விலகினால்தான் அது தம்பிக்குப் போகும்.

விலக அவளுக்கு மனமில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் அடுத்தவர் மாடுகளைக் கறந்துகொண்டே இந்தத் தொழுவத்தை நினைத்துக்கொள்கிறவள் அவள். ஆனால் பன்னிரண்டு வருடமாக இங்கே மாடாய் உழைத்தவன் ஹல்வார். அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அப்புறம் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

பத்திரத்தைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். தம்பிதான் விடவில்லை. "தபால்ல எல்லாம் வேணாம்க்கா. நேர்ல வா. அப்பா முன்னாடி உக்காரு," என்று போனில் ஒரே பிடியாக நின்றான். கையெழுத்து விழுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி போலிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு வலித்தது.

"சாப்பிடும்மா," என்று அப்பா வாஃபிள் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். காரியம் முடியும்வரை அவர் குரலில் வெண்ணெய் ஒழுகும். "சட்டம் ஆயிரம் சொல்லும். அதை எழுதினவன் எவனாவது பனியில நின்னு கன்னுக்குட்டி இழுத்துப் போட்டிருக்கானா?"

"போன வாரம் நான் மூணு இழுத்துப் போட்டேன்ப்பா. அடுத்தவங்க தொழுவத்துல."

"அது கூலி வேலை. இது குடும்பம்." வெண்ணெய் கொஞ்சம் உறைந்தது. "எங்கக்கா எனக்கு மூத்தவதானே? ஒரு வார்த்தை பேசாம எனக்கு விட்டுக் குடுத்தா."

"பண்ணை வேணுமான்னு அத்தைகிட்ட யாரும் கேக்கவே இல்லையேப்பா."

அப்பா வாஃபிள் தட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

ஹல்வார் திரும்பி வந்து மேசைமேல் எதையோ வைத்தான். ஒரு துண்டுப் பென்சில்.

"பென்சில்ல போட்டா செல்லுமாடா?"

"கிடைச்சது இதான்."

"உன்னை அனுப்பினேன் பாரு," என்று முனகியபடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் அப்பா. சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். நாட்காட்டிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கும் பேனாவையும் காணோம். நூல் மட்டும் தொங்கியது. "இந்த வீட்டுப் பேனாவெல்லாம் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

ஹல்வார் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி அக்காவின் பக்கம் குனிந்தான்.

"பேனாவை விடு. உனக்குப் பண்ணை வேணுமா, வேணாமா?"

"ஹல்வார்..."

"சுத்தி வளைக்காதே. ஒரே வார்த்தை."

அவன் தாடை இறுகியிருந்தது, கண்கள் சிவந்திருந்தன. சிறு வயதில் மாடியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டபோதுகூட அவன் முகம் இப்படி இருந்ததில்லை. 'வேணாம்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். தம்பியாவது அவளுக்கு மிஞ்சுவான். டோருன் வாயைத் திறந்தாள்.

"வேணும்," என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே தெரிந்தது. "பண்ணை எனக்கு வேணும். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஹல்வார் சட்டென்று நிமிர்ந்தான். அவன் இடித்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. விறுவிறுவென்று வெளியே போனான். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

"திருப்தியா?" என்றார் அப்பா. "பன்னெண்டு வருஷ உழைப்பு. ஒரே வார்த்தையில அவனை நடுத்தெருவுல நிறுத்திட்டே."

டோருன் காலணியின் நாடாவைக்கூடக் கட்டாமல் ஓடினாள். முற்றத்தில் டிராக்டரைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான் தம்பி. அவன் தோள்கள் குலுங்கின. பெற்ற தகப்பன் சொன்னதைவிட அந்தக் குலுங்கல்தான் அவளை அறுத்தது.

"என்னைத் திட்டு," என்றாள். "அடிக்கணும்னாலும் அடி. பேசாம மட்டும் இருந்துடாதேடா."

அவன் திரும்பினான். கன்னமெல்லாம் கண்ணீர். துடைத்துக்கொள்ள, தொழுவ உடுப்பின் பெரிய பையிலிருந்து கைக்குட்டையை உருவினான். அதோடு சேர்ந்து சரளைக்கல்மேல் சடசடவென்று என்னவோ கொட்டியது.

பேனாக்கள். நீலம், சிவப்பு, பால் சங்கத்தில் கொடுத்தது, நாட்காட்டிப் பக்கம் தொங்கியது. அந்த வீட்டில் எழுதக்கூடிய பேனா அத்தனையும் அங்கேதான் கிடந்தன.

டோருன் பேனாக்களைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

"வேணுமான்னு என்கிட்டயும்தான் யாரும் கேக்கவே இல்லையேக்கா."