சுவரில் ஒட்டிய ஏணி

'சிரிக்காதே. இப்போது சிரித்தால் வண்டி கையை விட்டுப் போய்விடும்.'

தனக்குள் சொல்லிக்கொண்டு கீழுதட்டைக் கடித்தாள் ஓட்டுநரம்மா. பணிமனையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எதிரே பணிமனை மேலாளர், கையில் அடிக்கோலுடன், சுவரில் பசை போட்டு ஒட்டியிருந்த ஏணிப் படத்தின் முன் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். பொறுப்பேற்று மூன்றே வாரம். படத்தில் ஐந்து படிகள். ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட ஒரு பொம்மை மனிதன், மேலே போகப் போகப் பருத்துக்கொண்டே போனான்.

"இதோ, நீங்க இங்க இருக்கீங்க. ஓட்டுநர். அடுத்தது பயிற்சியாளர். அப்புறம் கட்டுப்பாட்டு அறை. அப்புறம் என் நாற்காலி. உச்சியில, தலைமை அலுவலகத்துல இயக்க அதிகாரி. பஸ் ஓட்ட வந்தவங்க பஸ்ஸோடயே நின்னுடக் கூடாதுன்னு யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க பாருங்க."

"பொம்மை ஏன் சார் குண்டாயிட்டே போகுது?"

"அது... வளர்ச்சி."

"ஓ."

சிரிப்பு சோடா மாதிரி பொங்கித் தொண்டைவரை வந்து நின்றது. இந்தப் பணிமனைக்கு வந்த எட்டு மாதமாக அவளுக்கு இதே வியாதி. காலையில் இன்ஜினை உசுப்பியதும் இருக்கையின் அதிர்வு முதுகில் ஏறும். உடனே சிரிப்பு வரும். ஐம்பது வயதில் ஒருத்தி இப்படிக் காரணமில்லாமல் மகிழ்ந்து கிடப்பது சரிதானா என்று சில சமயம் தன்னையே கேட்டுப் பார்ப்பாள். பதில் கிடைப்பதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிடும்.

"இந்த வருஷம் மட்டும் பதினாலு பேர் வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க," என்றார் மேலாளர். "இருக்கறவங்களுக்கு மேல ஏற வழி காட்டுன்னு தலைமை அலுவலகத்துலேர்ந்து தினமும் போன்ல குடையறாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு பேரு அனுப்பணும். உங்க பேரை எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க பயிற்சியாளர்."

"அப்ப என் பஸ்?"

"பஸ் எதுக்கு? வகுப்பறை, மின்விசிறி, கரும்பலகை. வெயில்ல காய வேண்டியதில்ல."

"மாட்டேன்னு சொன்னா?"

மேலாளர் அடிக்கோலைக் கீழே வைத்தார். "உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. ஏற மாட்டேங்கறவங்களுக்கு என்ன சொல்லி நீட்டிப்புக் கேட்பேன்? இந்தப் படத்துல மேல போறவங்களுக்குத்தான் இடம் இருக்கு. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கும்மா."

தொண்டையில் நின்ற சிரிப்பு அப்படியே கீழே இறங்கியது. அவள் தினமும் ஓட்டும் வழியில் வரும் ஆஸ்பத்திரி வளைவு நினைவுக்கு வந்தது. அங்கே அவள் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது பஸ்ஸில் இருக்கிற அறுபது பேரும் அவளோடு சேர்ந்து ஒரே பக்கம் சாய்வார்கள். அந்த ஒரு நொடிக்காகவே ஒவ்வொரு நாளும் எழுந்து வருகிறாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நடத்துநர் பெண் தலையை நீட்டினாள். "அக்கா, மணி பத்து நாப்பது. சனம் என் மேல பாயுது. நான் வேணா ஓட்டிட்டுப் போகவா?"

"நீ விசிலை ஊது, அது போதும். வந்துட்டேன்."

தலை மறைந்தது. மேலாளர் விடவில்லை. "வீட்டுல கேட்டுப் பாருங்களேன். உங்க வீட்டுக்காரர் சந்தோஷப்படுவாரே."

"அவரா? தினமும் என் பஸ்லதான் சார் வேலைக்குப் போறார். பக்கத்துல உக்காந்தவங்ககிட்டல்லாம் 'ஓட்டுறது எங்க வீட்ல'ன்னு சொல்லிச் சொல்லி, இப்ப மொத்த பஸ்ஸும் அவரை மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுது. அந்த மரியாதையை விட்டுக் கொடுப்பாரா?"

மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு படத்தின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். "இதை நினைச்சுப் பாருங்க. தனி அறை. சுத்துற நாற்காலி. யாருக்குக் கசக்கும்?"

"அந்த நாற்காலி எங்க சார் போகும்?"

"எங்கயும் போகாது. அதானே சொகுசு." பேனாவைத் திறந்து நீட்டினார். "போடுங்கம்மா. என் மானத்தைக் காப்பாத்துங்க."

அவள் பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டு, அவர் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"வேண்டாம் சார்," என்றாள் தணிந்த குரலில். "மூணாவது பத்தியில இருக்கு. 'ஓட்டுவதே போதும் என்பவரை மேலே ஏறும்படி வற்புறுத்தக் கூடாது. அவருடைய ஒப்பந்தம் தானாகவே நீளும்.'"

"மூணாவது பத்தியா? இதுல பத்தியே கிடையாதே."

"பின்பக்கத்துல."

"பின்பக்கமா? எல்லாப் பணிமனையிலயும் சுவத்துல ஒட்டிட்டாங்களே." மேலாளர் நகத்தால் படத்தின் மூலையைச் சுரண்டிப் பார்த்தார். பசை விடவில்லை. "ஒட்டினதுக்கு அப்புறம் வந்தவங்க நீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளியே விசில் இரண்டு முறை ஒலித்தது. அவள் வாசலில் திரும்பி நின்றாள்.

"எழுதினதே நான்தான் சார். தலைமை அலுவலகத்துல, அந்த உச்சிப் படியில ஒம்பது வருஷம் உக்காந்திருந்தேன். மூணாவது பத்தியை மட்டும் எனக்காக எழுதிக்கிட்டேன்."