அருணகிரிக்காக

கும்மிடிப்பூண்டி கூரைக்கோயிலுக்குத் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த உபதேசியார் ஆசீர், ஆராதனை முடிவில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார். செங்கல் சூளையில் கல் சுமக்கும் எஸ்தர் எழுந்தாள்.

"ஜெயில்ல கீற அருணகிரிக்காக, ஐயா."

ஐந்தாவது வாரமாக அதே பெயர். உபதேசியார் உருகிப்போனார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையைத் தாயிடம் பத்திரமாகக் கொண்டு சேரும்!"

சபையிலிருந்து ஆமென் தயங்கித்தான் வந்தது.

வாசலில் அவளை நிறுத்தினார். "ஞானஸ்நானம் வாங்கி எத்தனை வருசமாச்சு! பிள்ளைக்கு ஒரு வேதப் பேரு வச்சா என்னம்மா?"

"வெச்சேனே ஐயா. சாலமோன்."

"அப்போ அருணகிரி?"

"எம் புள்ள மேல லாரிய ஏத்திக் கொன்னவன்."

உபதேசியார் வாசற்படியிலிருந்து இறங்கி அவளருகே வந்தார்.

"அவன் நாசமாப் பூடணும்னுதான் மொதல்ல மண்டி போட்டேன் ஐயா. ஒரு வருஷம் பொட்டுத் தூக்கமில்ல. ஒருநாளு பல்லக் கடிச்சிக்கினு, 'அவன் நல்லா இருக்கட்டும்'னேன். அன்னிக்கித்தான் கண்ணு அசந்திச்சி."

"தெரியாம, உன் பிள்ளைன்னு ஜெபிச்சிட்டேனேம்மா..."

எஸ்தர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அத்த திருப்பி வாங்காதீங்க ஐயா. அவனுக்கும் ஒரு அம்மா கீறா."