நின்னுச்சா?

கமோஷிதா-சான் கிளம்பியதும் நானும் முதலாளியும் குனிந்தோம்.

புது வண்டி எடுத்துப் போகிறவர் கண்ணை விட்டு மறையும்வரை கடைக்காரர் நிமிரக் கூடாது. எங்கள் ஊர் ஹமாமட்சுவில் சைக்கிள் விற்கிறவர்கூட அப்படித்தான் குனிகிறார். எங்கள் தெரு நேரானது. திருப்பம் நானூறு மீட்டர் தள்ளி, நடுவில் ஒரு சிக்னல். முதலாளி உசுயி இடுப்புக்குத் தனியாகத் தைலம் வைத்திருக்கிறார்.

அவர் தரையை மட்டும்தான் பார்ப்பார். புருவத்துக்கு அடியிலிருந்து பார்த்துச் சொல்வது என் வேலை. கடையின் மெக்கானிக், விற்பனையாளர், கண் மூன்றும் நான்தான்.

நாங்கள் விற்பது ஸ்ட்ராமெல்லி. இத்தாலி மோட்டார் சைக்கிள். ஜப்பான் முழுக்க நாலே கடை.

அதில் ஒன்றை இங்கே திறந்தது முதலாளியின் யோசனை. இந்த ஊரில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். மீதிப் பேர் அதற்குத் திருகாணி செய்கிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறீர்களே என்று வங்கிக்காரர் கேட்டார்.

கொல்லனுக்கும் சட்டை கிழியும் என்றார் முதலாளி.

இறக்குமதி செய்யும் டோக்கியோ கம்பெனிக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு வண்டி விற்றுக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கள் பெயர்ப்பலகை நகோயாவில் இருக்கும் பெரிய கடைக்குப் போய்விடும். இன்று மார்ச் முப்பத்தொன்று, கணக்கு ஆண்டின் கடைசி நாள். கமோஷிதா-சானுடையது பன்னிரண்டாவது வண்டி.

‘வாடிக்கையாளர் திருப்தி’ என்று முத்திரை குத்திய தாள் ஐந்து மணிக்குள் ஃபாக்ஸில் போக வேண்டும். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரை கமோஷிதா-சான் பையில் இருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் குத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உள்ளூர் மோட்டார் சைக்கிள் ஃபேக்டரியில் முப்பத்தெட்டு வருஷம் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய்ச் சொல்லுக்கு மசிகிறவரா?

உண்மையில் பன்னிரண்டு போன மாதமே முடிந்திருக்கும். ஒருவர் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம். நாங்கள்தான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவரே மூன்று தடவை குனிந்துவிட்டுப் போனார்.

சிக்னல் சிவப்பானது. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்த எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது.

“நின்னுச்சா?” என்று முதலாளி தன் ஷூவிடம் கேட்டார்.

“நின்னுடுச்சு, முதலாளி.”

“சிக்னலுக்கா, தானாவா?”

“தானா.”

மூச்சை இழுத்தார். “குனிஞ்சே இரு.”

பச்சை வந்தது, போனது. பின்னால் மூன்று கார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கமோஷிதா-சான் இறங்கி, ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகக் குனிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரம் போனார்.

எதிர்க்கடையில் கறிக் கொழுக்கட்டை பொரிக்கும் ரிட்சுகோ அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். “என்ன உசுயி-சான், பல்செட்டு கீழ விழுந்துடுச்சா? நானும் தேடட்டுமா?”

“வாடிக்கையாளர் இன்னும் மறையல.”

“எங்க மறையப் போறார்? அவர்தான் ரோட்டுல கடை விரிச்சிட்டாரே!”

விரித்துத்தான் இருந்தார். பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து நடைபாதையில் உருட்டிவிட்டார். உள்ளே ஸ்பானர்கள் உயரவாரியாக இருந்தன. கோட்டை நாலாக மடித்து வைத்தார். உட்கார்ந்தார்.

பதினோரு நிமிடம். முதலாளியின் கை இடுப்புக்குப் போனது. தலை நிமிரவில்லை.

திடீரென்று ஆலங்கட்டி மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

அவர் திருப்பத்துக்குப் போகவில்லை. வண்டியை வளைத்து நேராக எங்களிடம் வந்தார். மணிக்கட்டு வரை கறுப்பு, மூக்கிலும் ஒரு பொட்டு. நான் நீட்டிய தாளை வண்டி இருக்கையிலேயே வைத்துக் குத்தினார். முத்திரைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகையும் இலவசமாக விழுந்தது.

“முப்பத்தெட்டு வருஷம் எஞ்சின் செஞ்சேன்,” என்றார். “ஒண்ணுகூட ரோட்டுல நின்னதில்ல. இப்படி உக்காந்து கழட்டுற பாக்கியம் எனக்குக் கெடச்சதே இல்ல.”

போன மாதம் வண்டியைத் திருப்பித் தந்தவரும் அதே ஃபேக்டரிக்காரர்தான். இரண்டாயிரம் கிலோமீட்டரில் அது ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். இதற்கு எங்கள் ஃபேக்டரி வண்டியையே வாங்கியிருப்பேனே என்று வருத்தப்பட்டார்.

இத்தாலிக்காரர்கள் இந்த வருஷ மாடலை வழியில் நிற்காதபடி திருத்திவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டி நின்றால்தான் கடை நிற்கும் என்பதை முதலாளி அன்றே புரிந்துகொண்டார். இன்று காலை அவர் சொல்லி, பாட்டரி வயரின் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியவன் நான்.

தாளை என்னிடம் கொடுத்துவிட்டு கமோஷிதா-சான் ஹெல்மெட்டை மாட்டினார். மாட்டியவர் என் பக்கம் சாய்ந்தார்.

“அந்தத் திருகு ரொம்பச் சுலபம், தம்பி. அடுத்த சர்வீசுல கொஞ்சம் கஷ்டமானதா வைங்க.”

வண்டி கிளம்பியது. குனிந்தோம்.

இந்தத் தடவை நானும் தரையைத்தான் பார்த்தேன்.