தகட்டுக்கு ஓர் இடம்

மானிய ஆய்வுக்கு வந்த அதிகாரி பேப்பர் கப் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தபோது மரகதம் அவர் கண் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மெஷின் பக்கத்து ஷெட் துரைக்கண்ணுவுடையது. அவள் வாங்கியது இன்னும் வந்து சேரவில்லை, ஆய்வு முந்திக்கொண்டது. "ஒரு மணி நேரந்தானுங்க அம்மிணி" என்று காலையில் அவரே அடியில் இரும்புக் குழாய்களை வைத்து இங்கே உருட்டி வந்திருந்தார். இப்போது ஒன்றும் தெரியாதவர்போல வாசலில் நின்றார். "ஓட்டிக் காட்டுங்கம்மா" என்றார் அதிகாரி. ஓட்டினாள். கப்புகள் மளமளவென்று விழுந்தன. அவர் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து ஓர் அலுமினியத் தகட்டை எடுத்தார். அதில் அவளுடைய நிறுவனத்தின் பெயர் வெட்டியிருந்தது. "முன்னெல்லாம் ஸ்டிக்கர்தான். ஒரே மெஷினை நாலு பேர் காட்டுறாங்கன்னு இப்ப கழட்ட முடியாதபடி ரிவெட் ஆணி அடிக்கச் சொல்லிட்டாங்க. ட்ரில் இருக்கா?" தகடு ஏறிவிட்டால் மெஷின் ஊரறிய அவளுடையது. ட்ரில் இல்லை என்று சொல்லித் தப்பிக்க அவள் வாயெடுப்பதற்குள், துரைக்கண்ணு தன் ஷெட்டுக்குப் போய் ட்ரில்லோடு திரும்பினார். ஒயரைச் செருகி, ட்ரில்லின் முனையைத் தன் மெஷினின் நெற்றியில் வைத்தார். அதிகாரியின் பக்கம் திரும்பவேயில்லை.

"எங்க ஓட்டை போடட்டுமுங்க, அம்மிணி?"