விழாத லோரி

நிரல் எழுதும் வேலையை விட்டு எட்டு வருடம் வீட்டோடு இருந்த கஸ்தூரிக்கு அதன்பின் அதுதான் முதல் நேர்காணல். தெப்ரா வட்டாரத்தில் கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனம்.

"சர்ட்டிஃபிகேட்லாம் அப்புறம் பார்க்கலாம். இதைப் பாருங்கக்கா" என்று கணினியைத் திருப்பினான் அதிகாரி லோகன்.

திரையில் ஓர் இயந்திரம் மண்ணைத் தோண்டிப் பெரிய பள்ளமாக்கியது. பின்னால் வந்த லோரியோ அந்தப் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் ஓடிப்போனது.

"ஏன் விழல? ஒரு மணி நேரத்துல சரி பண்ணுங்க."

கஸ்தூரி நிரலைப் படித்தாள். "கண்ணுக்குத் தெரியுற தரையை மட்டும் மாத்தியிருக்கீங்க. வண்டி எதுமேல மோதுது, நிக்குதுன்னு கணக்குப் போட உள்ளே மறைவா வச்ச தரை வடிவம் பழசாவே இருக்கு. லோரி அதுமேலதான் ஓடுது."

"அதைப் புதுப்பிச்சா கேமே நின்னுடுதே?"

"முழுசா எதுக்கு லா? தரையைத் துண்டு துண்டா பிரிச்சு, தோண்டின துண்டை மட்டும் புதுப்பிச்சா போதும்."

ஐம்பதாவது நிமிடம் லோரி பள்ளத்துக்குள் தலைகுப்புற விழுந்தது.

லோகன் எழுந்து வெளியே ஓடினான். ஏதோ தப்பாகிவிட்டது என்றே கஸ்தூரி நினைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குள் ஏழெட்டுப் பேர் கைதட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள்.

"அலமாக்! ஒரு டெஸ்டுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றாள்.

"டெஸ்டா? மூணு வாரமா நாங்க எல்லாரும் திணறின கோளாறு அக்கா அது! இன்னிக்கு மூணு மணிக்குக் கஸ்டமர் வர்றாரு!" என்றான் லோகன்.

கஸ்தூரி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப இனிமே நேர்காணல் நான் பண்றேன். சொல்லுங்க, உங்க கம்பெனியில நான் ஏன் சேரணும்?"