சீல நாள் தாமரை

மேல்கோபுரத்துக்கு ஏறும் செங்குத்தான படிகளின் குறுக்கே ஒரு கயிறு தொங்குகிறது. அங்கோர் வாட்டின் கல்லெல்லாம் வெயிலில் கொதிக்க, வெள்ளைச் சட்டையும் பட்டுப் பாவாடையுமாக அதன்முன் நிற்கிறாள் சாரூன். இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துவைத்த தாமரை மொட்டு அவள் கையில் வாடிக்கொண்டிருக்கிறது. கொரியாவுக்குக் கூலிவேலைக்குப் போன மகனுக்காக, உச்சியிலிருக்கும் புத்தர் முன்னால் வைப்பதாக நேர்ந்துகொண்டது. தெற்கே கடலோரக் கம்போட்டிலிருந்து அவளும் புருஷனும் ராத்திரி முழுக்க வேனில் குலுங்கி வந்திருக்கிறார்கள். "அத்தை, இன்னிக்குப் பௌர்ணமி. சீல நாள்ல மேல யாரையும் ஏத்தமாட்டோம்," என்கிறான் காவலாளி, மறுபடியும். "சீல நாளுங்கிறதாலதானே தம்பி வந்தேன்! புண்ணிய நாள்ல சாமியப் பாக்காம வேற என்னிக்குப் பாக்குறது?" தூண் நிழலில் தொப்பியால் விசிறிக்கொண்டிருக்கும் அவள் புருஷன் சவுத் முணுமுணுக்கிறான். "நேத்தே வந்துரலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இவ பஞ்சாங்கத்தக் கட்டிக்கிட்டு அழுதா."

"நீ வாய மூடுய்யா!" என்று அவள் திரும்பும் நொடியில், சுவரிலிருந்து குதித்த குரங்கு ஒன்று மொட்டைப் பறித்துக்கொள்கிறது. கயிற்றுக்கு அடியில் நுழைந்து, படிகளில் தாவித்தாவி ஏறுகிறது. விசிலை வாயில் வைத்த காவலாளி ஊத மறந்து நிற்கிறான். உச்சிப் படியில் உட்கார்ந்து, அவள் மடித்த இதழ்களை அது நிதானமாகப் பிரித்துத் தின்கிறது. சாரூனின் வெறுங்கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. "அங்க ஏன் உக்காந்திருக்க?" என்று மேலே பார்த்துக் கத்துகிறாள். "உள்ள போ! அவர் முன்னால வெச்சுத் தின்னு! எம் புள்ள பேரச் சொல்லித் தின்னு!"