தங்கச்சிக்கு ஒரு நாற்காலி

“தம்பி, உக்காந்தா கால் தரையில படக் கூடாது. அதே சமயம் அந்தரத்துல தொங்கவும் கூடாது. அப்படி ஒரு நாற்காலி இருந்தா காட்டுங்க.”

நாற்காலிக் கடை விற்பனையாளர் ஒரு கணம் விழித்தார். “விடுகதையா சார்?”

“விடுகதை இல்ல தம்பி, என் பொழப்பு! பல் செட் கட்டுற லேப் வச்சிருக்கேன். எங்க வேலை மேஜை முப்பத்தெட்டு இன்ச் உயரம். சாதா நாற்காலியில உக்காந்தா மேஜை தோளுக்கு வந்துடும். மேஜையைத் தாழ்த்தலாம்னா அடியில தூசி உறிஞ்சுற மிஷின் இருக்கு. அந்த மிஷினை நான் வாங்கின கதை இருக்கே...”

மிஷின் வாங்கிய கதை பத்து நிமிடம் ஓடியது. விற்பனையாளர் முகத்தில் மாட்டிய புன்னகையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டார். பல் செட்காரர் மூச்சு வாங்கிய இடைவெளியில் சட்டென்று புகுந்தார்.

“நாற்காலி உங்களுக்கா சார்?”

“என்கிட்ட வேலை பார்க்கிற தங்கச்சிக்கு.” பல் செட்காரரின் குரல் இறங்கியது. “தங்கமான கை தம்பி அவளுக்கு. அவ செஞ்ச பல்லை மாட்டினா, பக்கத்துல இருக்கிற சொந்தப் பல்லு வெட்கப்படும். இன்னிக்குக் காலையில வந்து, ‘அண்ணே, இனிமே என்னால இங்க நிக்க முடியாது’ன்னு சொல்லிட்டா. முகமே வாடிக் கிடந்துச்சு. எனக்குப் பயம் வந்துடுச்சு.”

“ஏன் சார்?”

“ஏற்கெனவே ரெண்டு பேரு சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்க. இவளும் போயிட்டா லேபை இழுத்து மூட வேண்டியதுதான். அதான், ‘நீ ஒரு வார்த்தையும் பேசாதம்மா, மத்தியானத்துக்குள்ள ஒரு வழி பண்றேன்’னு சொல்லிட்டு ஓடி வந்தேன்.”

“நாள் பூரா நின்னுக்கிட்டேவா வேலை?”

“காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். நானும் பக்கத்துலயேதான் நிக்கிறேன். அவ கால் என்ன பாடுபடும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க!” அவர் உண்மையாகவே நொந்துகொண்டார். அந்த வருத்தத்தைப் பார்த்த விற்பனையாளருக்கும் மனது இளகிவிட்டது.

முதலில் வந்தது துணி இருக்கை. “பிளாஸ்டர் தூள் பறக்கிற இடம் தம்பி, ஒரே வாரத்துல மாவு மூட்டை மாதிரி ஆயிடும்” என்று தள்ளினார். அடுத்தது கைப்பிடி வைத்தது. அது மேஜை விளிம்பில் இடிக்கும் என்று விற்பனையாளரே ஒதுக்கினார். மூன்றாவது சக்கரம் வைத்தது. பல் செட்காரர் ஏறி உட்காரப் போக, அது அவரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து ஓடியது.

“உயரமான நாற்காலிக்குச் சக்கரம் ஆகாது சார். இதைப் பாருங்க” என்று ஒரு கறுப்பு ரெக்சின் நாற்காலியைத் தூக்கி வந்தார் விற்பனையாளர். “மேஜை உயரத்துல பத்து இன்ச் கழிச்சுக்கணும். இருபத்தெட்டுல உக்காந்தா முழங்கை சரியா மேஜைக்கு வரும். கால் வைக்க இந்த வளையம். ஏத்தி இறக்கிக்கலாம். முதுகுக்குச் சாய்மானமும் இருக்கு.”

பல் செட்காரர் ஏறி உட்கார்ந்தார். வளையத்தில் கால் பதித்தார். இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று. அப்புறம் தன் மூட்டு வலியின் வரலாற்றை ஆரம்பித்தார். வேறு யார் காதிலும் விழாத கடை முதலாளியின் குரல் விற்பனையாளர் காதில் மட்டும் விழுந்தது. “இதோ வர்றேன் சார்!” என்று உள்ளே ஓடினார்.

மத்தியானம் லேபுக்குள் நாற்காலி வந்து இறங்கியது. அவள் மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தாள்.

“ஏறி உக்காரு தங்கச்சி!”

“அண்ணே, நான் காலையில சொன்னது...”

“எல்லாம் தெரியும்! முதல்ல உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். கால் வளையத்தில் நின்றது. முழங்கை அளந்து வைத்ததுபோல மேஜைக்கு வந்தது. அவள் ரெக்சினைத் தடவிப் பார்த்தாள். “எனக்காகவா அண்ணே இவ்வளவு அலைஞ்சீங்க?” என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது.

பல் செட்காரருக்குத் தலை கால் புரியவில்லை. தப்பித்தோம், லேப் பிழைத்தது என்று பெருமூச்சு விட்டார். “சொல்லும்மா, இனிமே போக மாட்டேல்ல?”

அவள் தயங்கினாள். பிறகு மெல்லச் சிரித்து, “யோசிக்கிறேன் அண்ணே” என்றாள்.

அதற்குள் கடையிலிருந்து வந்த வண்டிக்காரர் அதே மாதிரி இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து, அவள் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தார்.

“இது யாருக்குண்ணே?”

“எனக்குத்தான்! நின்னுக்கிட்டே பேசுறதால பாதிக் கதையிலேயே எனக்குக் கால் கடுத்துப் போகுது. இனிமே ஒன்பது மணிக்கு உன் பக்கத்துல உக்காந்தேன்னா, ஆறு மணி வரைக்கும் எழுந்திரிக்கவே மாட்டேன்!”

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அண்ணே, நிக்க முடியாதுன்னு நான் சொன்னது இந்த வேலையில. எனக்கு வலிக்கிறது கால் இல்ல... காது!”